அதே மாதிரி

கூலாய்
10 செப்டம்பர் 2024

தீபன்,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், கூடப் பிறந்த அக்காவை. ஆபீஸ் நேரத்தில் ஓயாமல் கூப்பிட்டு உன் மானத்தை வாங்கினேனாம். சரி. மின்னஞ்சலாவது வந்து சேரும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மானம் இருக்கட்டும், இங்கே என் மானம் போன கதையைப் படி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிறீகாந்தன் மகளின் கல்யாண விருந்து, சமையல் நம்முடையது. ஸ்கூடாயில் இருக்கிறாரே, அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சுத்த சைவம். அவர்கள் சமையலறைக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று சோயாவில் செய்யும் சைவப் பிரட்டலை மட்டும் யோசித்து யோசித்து ஒத்துக்கொண்டார். அந்தப் பிரட்டல்தான் என்னைக் கொன்றது. இலையில் விழுந்தது சோயா இல்லை, அசல் ஆட்டிறைச்சி.

முதலில் ஒருவருக்கும் தெரியவில்லை, அதுதான் கொடுமை. சோயா என்று நினைத்தே எல்லாரும் சாப்பிட்டார்கள். பெண்ணின் மாமா என்னைக் கூப்பிட்டு, உண்மையான ஆடு மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் மாப்பிள்ளையின் பெரியப்பா வாயிலிருந்து ஒரு எலும்பை எடுத்து இலை ஓரத்தில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோயாவுக்கு ஏது எலும்பு? பந்தி அப்படியே எழுந்தது. சிலர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த பெண் அழுதாள். சிறீகாந்தன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டு வாசலைக் காட்டினார்.

நேரே மண்டபத்தின் பின்பக்கம் போனேன். நம் தலைமைச் சமையல்காரன் காளியப்பன் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றான். "வேணும்னேதான செஞ்ச?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். ஆடி மாதம் தான் குடியிருக்கும் செடெனாக் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டான், நான் தரவில்லை. அந்த வஞ்சம். டேப்லட்டிலிருந்து அச்சாகி வந்த சமையல் சீட்டில் அப்படித்தான் இருந்தது என்றான். அங்கேயே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆர்டர் பதியும் டேப்லட்டைத் திறந்தால், சிறீகாந்தன் ஆர்டரில் 'ஆட்டிறைச்சிப் பிரட்டல்' என்றே நிற்கிறது. 'சைவப் பிரட்டல்' என்று அடித்தது நான், என் கையால். சிறீகாந்தனும் பார்த்துச் சரி சொன்னார். நம் சமையற்கூடத்தில் டேப்லட்டைத் தொடுவது இரண்டே பேர், நானும் அவனும்.

நீ எழுதிக் கொடுத்த புரோகிராம்தானே. யார் மாற்றியது, என்றைக்கு மாற்றியது என்று எடுத்துக் கொடு. அதை அவன் மூஞ்சியில் காட்ட வேண்டும்.

செல்லம்


சிங்கப்பூர்
12 செப்டம்பர்

அக்கா,

நான் பிளாக் செய்த காரணத்தில் பாதியைத்தான் நீ எழுதியிருக்கிறாய். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எனக்குப் போன், வைஃபை நின்றால் எனக்குப் போன், சமையற்கூடத்து அங்கம்மா அக்கா டேப்லட் மேல் புளித்தண்ணீரைக் கொட்டினாலும் எனக்குப் போன். எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, அதற்கு மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார் என்பதை நீ ஒருநாளும் நம்பியதில்லை. ஒழுங்காக ஓடுகிற நாளில் 'எங்க டேப்லட் நல்லா வேலை செய்யுது' என்று ஊரெல்லாம் சொல்வாய். கெட்டுப்போனால் மட்டும் அது 'நீ எழுதிக் கொடுத்த புரோகிராம்'.

யார் மாற்றியது என்று எடுக்க முடியாது. ஆளுக்கொரு பாஸ்வர்டு வைக்கிறேன் என்று நான் சொன்னபோது, மாவுக் கையோடு பாஸ்வர்டா என்று சிரித்தவள் நீ. நீ வேண்டாம் என்றாய், நானும் விட்டுவிட்டேன். இப்போது ஆதாரம் கேட்டால் நான் எங்கே போவேன்?

இன்னொன்று. காளியப்பண்ணனை 'அவன்' என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கே சமைத்துப் போட்ட மனிதர் அவர். நீ 'அண்ணே' என்று கூப்பிட்டுத்தான் நான் கேட்டிருக்கிறேன். ஒரே நாளில் 'அவன்' ஆகிவிட்டாரா? லீவு கிடைக்காத கோபத்தில் தன் கையால் சமைத்த விருந்தையே கெடுக்கிற ஆள் அவர் இல்லை. அதே நேரம், புரோகிராம் தானாக எதையும் மாற்றாது. யாரோ ஒருவர் கை பட்டிருக்கிறது. அது உன் கையாகவும் இருக்கலாம், கோபப்படாமல் யோசித்துப் பார். எனக்கு இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. அடுத்த வாரக் கடைசியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

தீபன்


கூலாய்
15 செப்டம்பர்

தீபன்,

என் கையா? நன்றாக இருக்கிறது. ஆர்டர் உறுதியான பிறகு சிறீகாந்தன் பக்கத்தை நான் தொடவே இல்லை. நான் தொட்டது ரூபேந்திரன் ஆர்டரை, அதுவும் 'அதே மாதிரி' பொத்தானை அழுத்தி.

நம் சனங்கள் எப்படி ஆர்டர் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? மெனுவை நீட்டினால் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அவங்க வீட்டுக் கல்யாணத்துல போட்டீங்கள்ல, அதே மாதிரி போட்டுருங்க" என்பார்கள். ஒரு வீட்டு விருந்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டு விருந்து. அதற்காகத்தான் உன்னைக் கெஞ்சி அந்தப் பொத்தானை வாங்கினேன். சிறீகாந்தன் ருசி பார்க்க வந்த அன்று கூட வந்தவர்தான் ரூபேந்திரன். தன் மகனுடைய இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு, சிறீகாந்தன் வீட்டு மாதிரியே வேண்டும், பிரட்டல் மட்டும் ஆட்டிறைச்சியாக இருக்கட்டும் என்றார். பொத்தானை அழுத்தினேன். பெயரையும் தேதியையும் மாற்றினேன். சைவப் பிரட்டலை அழித்துவிட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று அடித்தேன். அது ரூபேந்திரன் பக்கம், வேறு பக்கம். இதில் என் கை எங்கே வந்தது?

சிறீகாந்தன் வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேரில் போய்க் காலில் விழாத குறையாகப் பேசினேன். வேலையாள் வஞ்சம் வைத்துச் செய்த துரோகம், ஆளை நீக்கிவிட்டேன் என்றேன். கொஞ்சம் தணிந்தார். கூலாயிலிருந்து செனாய் வரைக்கும் சமையல் எடுத்து நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, காளியப்பனைச் சேர்க்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். இன்னொரு குடும்பத்துக்கு இந்தக் கதி வரக்கூடாது பார்.

நேற்று அவன் பெண்டாட்டி கருப்பாயி வந்து கேட் முன்னால் நின்றாள். "அப்படிச் செய்யிற மனுசனா தங்கச்சி அவரு?" என்று கேட்டாள். நான் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீ பார்ப்பதாக இருந்தால் சீக்கிரம் பார்.

செல்லம்


சிங்கப்பூர்
21 செப்டம்பர்

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். காளியப்பண்ணன் எதையும் தொடவில்லை. ஆட்டிறைச்சி என்று அடித்தது நீ. நீ அடித்தது ரூபேந்திரன் ஆர்டரில்தான், அதில் உன் மேல் தப்பில்லை. அதைச் சிறீகாந்தன் இலைவரைக்கும் கொண்டுபோனது நான் எழுதிய ஒரே ஒரு வரி. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஆள் இதைச் செய்திருந்தால் நானே வறுத்தெடுத்திருப்பேன்.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன், தயவுசெய்து கடைசிவரை படி. ஓர் ஆர்டர் என்பது புரோகிராமுக்குள்ளே பெட்டிக்குள் பெட்டியாக இருக்கிறது. வெளிப்பெட்டியில் வீட்டுக்காரர் பெயர், தேதி, மண்டபம். அதற்குள் இருக்கும் பெட்டிகளில் காலை, மதியம், இரவு என்று வேளைகள். வேளைக்குள் பதார்த்தங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்குள்ளும் அளவு, காரம், குறிப்பு. 'அதே மாதிரி' பொத்தானை அழுத்தினால் இத்தனை பெட்டியும் புதிதாக இன்னொரு தரம் உண்டாக வேண்டும். என் புரோகிராம் வெளிப்பெட்டியை மட்டும் புதிதாகச் செய்துவிட்டு, உள்ளே இருப்பதற்கு 'அது அங்கே இருக்கிறது' என்று பழைய பெட்டியைக் கைகாட்டி விட்டுவிட்டது. வாசலில் இரண்டு பெயர்ப்பலகை, உள்ளே ஒரே அடுப்படி. பெயரை மாற்றினாய், தேதியை மாற்றினாய், அதெல்லாம் பலகையில் இருப்பவை, தனித்தனியாக மாறின. அதனால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. பிரட்டலை மாற்றியபோது மட்டும் அடுப்படியில் கைவைத்தாய். அது இரண்டு வீட்டுக்கும் மாறியது. ஆட்டிறைச்சி வாங்கும் ஆர்டரும் அதைப் பார்த்துத் தானாகப் போய்விட்டது.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். எப்போதும் நீ நடந்து முடிந்த விருந்திலிருந்துதான் நகல் எடுப்பாய். அந்தப் பழைய விருந்தும் கூடவே மாறித்தான் இருந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய விருந்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்த ஒரு தடவைதான் இன்னும் நடக்காத கல்யாணத்திலிருந்து நகல் எடுத்தாய்.

திருத்தும்போதும் ஒரு தரம் ஏமாந்தேன். வேளைகளை நகல் எடுக்க வைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்தேன். சோதனைக்கு ஒரு குருமாவின் காரத்தைக் கூட்டினால் இரண்டு ஆர்டரிலும் ஏறியது. அதற்குள்ளே இருந்த பெட்டிகள் இன்னும் பொதுவாகவே இருந்தன. கடைசிப் பெட்டிவரை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கள் தொழிலில் இதை டீப் காப்பி என்போம், ஆழ நகல். ஒன்றை மட்டும் தெரிந்தே பொதுவாக விட்டிருக்கிறேன், நம் மசாலாத்தூள் அளவு. அதை நீ ஓரிடத்தில் திருத்தினால் எல்லா வீட்டுக்கும் மாற வேண்டும். மற்றது எதுவும் இனி ஒட்டாது. பழைய ஆர்டர்களைச் சரிபார்த்தேன், ரூபேந்திரனுடையதைப் பிரித்துவிட்டேன்.

இன்றைக்கே காளியப்பண்ணனைக் கூப்பிடு.

தீபன்


கூலாய்
23 செப்டம்பர்

தீபன்,

உன் பெட்டிக் கதையைப் படித்ததும் டேப்லட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது. தீபாவளி ஆர்டர் எல்லாம் அதற்குள்ளே இருப்பதால் அது பிழைத்தது.

பொத்தானில் 'அதே மாதிரி' என்று எழுதி வைத்தவன் நீ. அழுத்தினால் அதே மாதிரி இன்னொன்று வரும் என்றுதான் எந்த மனுஷியும் நினைப்பாள். உள்ளே ஒன்றும் நகல் ஆகவில்லை என்று உன் மெஷின் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படித்தவன், சிங்கப்பூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறவன், கூடப் பிறந்தவன் என்று நம்பி என் தொழிலையே அதற்குள் வைத்தேன். யார் வீட்டுக் கல்யாணப் பெண்ணோ அழுதாள். அவள் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. உனக்கு என்ன, 'ஒரே ஒரு வரி'.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதை யாரிடமும் சொல்லாதே. காளியப்பனுக்கும் இப்போது வேண்டாம். சிறீகாந்தனிடம் ஆள் செய்த துரோகம் என்று சொல்லி ஆயிற்று. அவரும் தன் சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆளை நீக்கியாயிற்று, கதை முடிந்தது. இன்றைக்குப் போய் ஆள் இல்லை, என் மெஷின் என்றால், செல்லம் சமையலில் எந்த வீட்டுச் சாப்பாடு எந்த வீட்டுக்குப் போகும் என்று தெரியாது என்பார்கள். புரட்டாசி சைவச் சாப்பாட்டுக்கு ஒரு வீடும் என்னைக் கூப்பிடாது. தீபாவளிப் பலகாரமும் போகும். அங்கம்மாவும் மற்றப் பெண்களும் அந்த மாதச் சம்பளத்தை நம்பித்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறார்கள். ஒருவருக்காக அத்தனை பேரையும் நடுத்தெருவில் விடச் சொல்கிறாயா?

தீபாவளி முடியட்டும். நானே போய்க் கூப்பிடுகிறேன். தொழிலை நடத்துகிறவளுக்குத்தான் அதன் வலி தெரியும்.

செல்லம்


சிங்கப்பூர்
25 செப்டம்பர்

அக்கா,

பத்தாம் தேதி நீ எழுதியபோது உனக்குத் தெரியாது. அதை நான் மன்னிக்கலாம், அவரும் மன்னிப்பார். இருபத்தொன்றாம் தேதியிலிருந்து உனக்குத் தெரியும். இனிமேல் ஒவ்வொரு நாளும் நீ தெரிந்தே அவரைத் துரோகி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அங்கம்மா அக்காவின் பிள்ளைகளை இதற்குள் இழுக்காதே. காளியப்பண்ணனுக்கு மட்டும் தீபாவளி கிடையாதா?

என்னைத் திட்டு, அது சரி, அதற்கு நான் தகுதியானவன். உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பெயரைக் கெடுக்காதே. இந்த வாரத்துக்குள் நீ சொல்ல வேண்டும்.

தீபன்


கூலாய்
20 அக்டோபர்

தீபன்,

இந்த வாரத்துக்குள் என்று கெடு வைத்தவன் ஒரு மாதமாக மூச்சுக் காட்டவில்லை. உனக்கும் வேலை வந்துவிட்டது போலிருக்கிறது. கெடு வைப்பது சுலபம், லா. அதற்குப் பிறகு ஆபீசுக்குப் போய் ஏர்கண்டிஷனில் உட்கார்ந்துகொள்ளலாம்.

புரட்டாசி நல்லபடியாக முடிந்தது. பொத்தான் சரியாக வேலை செய்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். பிரட்டலுக்குத்தான் ஆள் அமையவில்லை. காளியப்பண்ணன் இடத்துக்கு இரண்டு பேரை வைத்துப் பார்த்தேன். ஒருவன் மசாலாவைக் கருக விடுகிறான், மற்றவன் எதற்கெடுத்தாலும் போனைப் பார்க்கிறான். அங்கம்மா சொல்லித்தான் தெரிந்தது, அவர் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறாராம். அங்கேயும் அடுப்புப் பக்கம் விடவில்லையாம். நான் சொன்னது அதுவரைக்கும் போயிருக்கிறது.

கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. முறுக்கு, அதிரசம், அவருக்கு வேட்டி, கருப்பாயிக்குச் சேலை எல்லாம் எடுத்து அங்கம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. பிரிக்கக்கூட இல்லை. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? கொடுத்தனுப்பியது யார், எதற்காக என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருக்கலாம் அந்த மனிதர்.

இன்னும் பத்துநாள்தான். தீபாவளி கழிந்த மறுநாளே செடெனாக் போகிறேன். நீ குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

செல்லம்


சிங்கப்பூர்
27 அக்டோபர்

அக்கா,

குறுக்கே வந்துவிட்டேன். நேற்று எல்லைப் பாலத்தைக் கடந்து நேரே செடெனாக் போனேன். கூலாய் வழியாகத்தான் போனேன், உன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காளியப்பண்ணன் வீட்டில்தான் இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கருப்பாயி அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் உனக்கு எழுதிய பெட்டிக் கதையை அவருக்கும் சொன்னேன். நான் எழுதிய வரி, நீங்கள் இல்லை, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். முழுதாகக் கேட்டார். தலையை ஆட்டினார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவர் என்னைக் கட்டிக்கொள்வார் என்றுகூட எதிர்பார்த்தேன், முட்டாள்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க தம்பி?" என்று கேட்டார்.

போன மாதம் இருபத்தொன்று என்றேன். அக்காவுக்கு எப்போது தெரியும் என்றார். அன்றைக்கே எழுதிவிட்டேன் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை அக்கா, சொல்லியிருந்தாலும் அவர் கண்டுபிடித்திருப்பார். கருப்பாயி அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காளியப்பண்ணன் மெதுவாகத்தான் சொன்னார், "அப்ப நீங்களும் ஒரு மாசம் சும்மாத்தான் இருந்தீங்க."

உன்னைத் திட்டிக்கொண்டே இருந்ததில் நான் யோக்கியன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. உனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நடுவில் அத்தனை சனிக்கிழமைகள் வந்து போயின.

புறப்படும்போது அவர் இன்னொன்று சொன்னார். கல்யாணத்தன்று மதியம் சீட்டைப் பார்த்ததும் உனக்குப் போன் போட்டிருக்கிறார். சிறீகாந்தன் வீட்டுக்குப் பிரட்டல் ஆடுதானா என்று கேட்டிருக்கிறார். நீ மண்டபத்து அலங்காரக்காரனோடு சண்டையில் இருந்தாயாம். 'சீட்டுல உள்ளத செய்ங்கண்ணே, சும்மா என்னைக் கேட்டுக்கிட்டு' என்று வைத்துவிட்டாயாம். இதை நீ எனக்கு எழுதவே இல்லை. நான் எழுதிய வரி செய்த தப்பை அந்த ஒரு கேள்வியிலேயே நிறுத்தியிருக்கலாம். கேட்க வேண்டியதை அவர் கேட்டிருக்கிறார். அவரை நிற்கவைத்து 'வேணும்னேதான செஞ்ச' என்று கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது?

தீபன்


கூலாய்
29 அக்டோபர்

தீபன்,

போன் போட்டார்தான். நான் அப்படித்தான் சொன்னேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அது நினைவுக்கு வந்தது, உடனே அதை மறந்துவிட்டேன். மறக்க முடிந்தது. போதுமா உனக்கு?

நீ ஒரு வார்த்தை எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கையில், பெண்கள் எல்லாம் முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கையில், நேற்று அவர் வந்து நின்றார். உன் புண்ணியம். வெளியே போய்ப் பேசலாம் அண்ணே என்றேன். வரவில்லை. அப்போதும் நான் தப்பிக்கத்தான் பார்த்தேன். எல்லாம் அந்த மெஷின் செய்த வேலை, தம்பி சொல்லியிருப்பானே என்றேன்.

"ஆட்டிறைச்சின்னு எழுதுனது மெஷினு, சரி," என்றார். "என்னைய வேணும்னே செஞ்சவன்னு சொன்னது யாரு? தெரிஞ்ச பெறகும் வாயத் தொறக்காம இருந்தது யாரு? அதுல மெஷினு எங்க இருக்கு தங்கச்சி?"

சத்தமே போடவில்லை. அங்கம்மா முறுக்குக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், தீபன். அவர்கள் எல்லார் முன்னாலும் கேட்டேன். அது பத்தாது என்றார். என்னைத் திட்டிய அன்று யார் யாரெல்லாம் கேட்டார்களோ, அப்புறம் யார் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டும், இப்போதே, நான் கேட்கும்படி என்றார். முக்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கூடத்தில், என் வேலையாட்கள் முன்னால். ஆனாலும் போனை எடுத்தேன், ஸ்பீக்கரில் போட்டேன். என் கூடம் என்று நினைத்தபோதே, அன்றைக்கு மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் நின்றதும் எனக்கு நினைவு வந்தது.

முதலில் சிறீகாந்தன். எல்லாவற்றையும் சொன்னேன், காளியப்பண்ணன் எனக்குப் போன் போட்டுக் கேட்டது உட்பட. "அப்ப ஏன் அந்த மனுசனைத் துரத்தினனீங்கள்?" என்று ஒன்றுதான் கேட்டார். கேட்டதும் போனை வைத்துவிட்டார். சாயங்காலமே அவர் வீட்டுச் சொந்தங்கள் கொடுத்திருந்த பலகார ஆர்டர் எல்லாம் வேண்டாம் என்று செய்தி வந்தது. நான் பயந்தது அப்படியே நடந்தது, நீ சந்தோஷப்படலாம். பெண்களின் சம்பளத்தை எப்படியாவது கொடுத்துவிடுவேன், அதில் கைவைக்க மாட்டேன்.

அப்புறம் சமையல் எடுத்து நடத்துகிறவர்கள், ஒவ்வொருவராக. சிலர் சிரித்தார்கள். சிலர் இது அவர் வேலையாக இருக்காது என்று அப்போதே நினைத்தோம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு பெயரையும் விடவில்லை. கடைசியில் செனாய் லெட்சுமணன். என்னைவிடப் பெரிய கை, சொந்தமாக லோரிகள் வைத்து ஜேபி நகரம் முழுக்கச் சமையல் எடுக்கிறவர். நான் சொல்லி முடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நல்ல கைன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. வேலை கேட்டு எங்கிட்டயும் வந்தாரு. நீங்க சொன்னதாலதான் திருப்பி அனுப்புனேன். இப்ப நான் எடுத்துக்கவா?"

காளியப்பண்ணன் தலையைத் தூக்கவில்லை. அவர் என்னிடம் திரும்பி வருகிறார், ஏற்கெனவே பேசியாயிற்று என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் மறுத்திருக்கவும் மாட்டார் என்று நினைக்கிறேன்.

"எடுத்துக்கோங்கண்ணே," என்றேன். "பிரட்டல் செய்யறப்ப யாரையும் குறுக்க விடாதீங்க. அவரு ஏதாவது கேட்டா நின்னு பதில் சொல்லுங்க."

போனை வைத்தேன். அவர் எழுந்தார். அங்கம்மாவிடம் மட்டும் வருகிறேன் என்றார். போகிற வழியில் குனிந்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார். எண்ணெய் புகைந்துகொண்டிருந்ததை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

செல்லம்